தொழுகைத் தொப்பியோடு சல்யூட் அடிக்கலாமா?

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும் எங்கள் கோப்ரல் காக்காவைப் போல ஒழுங்கான மனிதரைக் காண முடியாது. அந்த ஒழுங்கினால் எங்கள் தெரு பட்ட பாட்டை வேறு எந்தத் தெருவும் பட்டிருக்காது. அவர் எழும்பும்வரை அவர் வீட்டுச் சேவலே கூவாது. ஒருநாள் முந்திக் கூவி ஏச்சு வாங்கிய சேவல் அது.

காத்தான்குடியில் ஆற்றங்கரைக்குப் போகும் ஒழுங்கையில் எனக்குச் சாரன், கைலி விற்கும் ஒரு சிறிய கடை. கடைக்கு நேர் எதிரே அவர் வீடு. ஆமியில் பல வருடங்கள் சமையல்காரராக இருந்து, கோப்ரலாகப் பென்சன் எடுத்து வந்தவர். சொந்தப் பெயர் பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகத்தில் இருக்கும். வேறு எங்கேயும் இருந்ததாக எனக்குத் தெரியாது. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். சின்னப் பிள்ளைக்கும் அவர் கோப்ரல் காக்கா, தொண்ணூறு வயதுக் கிழவருக்கும் கோப்ரல் காக்கா. கோபம் வந்தால் சிங்களத்தில் ஏசுவார், துஆ கேட்டால் அரபு, பசி வந்தால்தான் தமிழ் வாயில் வரும்.

பள்ளியில் அவர் பக்கத்தில் நின்று தொழுவது லேசான காரியமில்லை. ஸப்பை, தொழுகை வரிசையை நேராக்குங்கள் என்று இமாம் ஒரு சொல் சொல்வார். அது போதும். காக்கா வரிசையை விட்டு வெளியே வந்து, ஒரு கண்ணை மூடி, ஓரத்திலிருந்து பார்த்து, எவருடைய பெருவிரல் முன்னால் நிற்கிறதோ அவரைத் தன் காலால் மெல்லத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுவார். ஒருநாள் வாய் தவறி "ரைட் ட்ரெஸ்" என்றும் சொல்லிவிட்டார். முன் வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தொழுகை முடிந்ததும் இமாம் ஹஸ்ரத் அவரைக் கூப்பிட்டு, இது கேம்ப் இல்லை காக்கா என்றார்.

"ஓம் ஹஸ்ரத். கேம்ப்ல இப்பிடி வளைஞ்சி நின்டா சோறில்ல. இஞ்ச அல்லாஹ் ரஹ்மான், சோறு தாறான். அதான் வளையிறாங்க."

ஹஸ்ரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாடியைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

தாடி என்றதும் அந்தக் கதையும் வருகிறது. ஆமியில் தாடி வளர்க்கக் கூடாது என்றார்கள், காக்காவும் மழித்துக்கொண்டார். லீவில் ஊருக்கு வந்தால் பள்ளி வாசலில் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். என்ன கோப்ரல், முகத்தை எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள் என்பார்கள். கேம்பில் ஒப்படைத்திருக்கிறேன், பென்சனோடு தருவார்கள் என்பார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பிறகு என் கடைக்கு வந்து ஸ்டூலில் இருந்து, சாரன் அடுக்கைத் தடவிக்கொண்டே ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, அங்க தாடி வளந்தா குத்தமெண்டு சார்ஜ். இஞ்ச தாடி வளராட்டி சார்ஜ். ரெண்டு பக்கமும் என்னைய நல்ல மனுசனாக்கத்தான் பாக்கிறாங்க. நடுவில கிடந்து காயிறது என்ட கன்னம்."

பென்சன் எடுத்த நாளிலிருந்து தாடி வளர்த்தார். அடிமட்டம் வைத்து வெட்டியது போல இருக்கும் அந்தத் தாடி.

ஆமியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. எல்லா மதத்தவனும் ஒரே பீங்கானில் சாப்பிட்டதைச் சொல்வார். நோன்பு காலத்தில் இவருக்காக விடியுமுன் ஸஹர்ச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்த சிங்களப் பொடியனைச் சொல்வார். பெண் மேஜர் ஓடர் கொடுத்தால் ஆறடி ஆம்பிளை ஓடிப்போய்ச் செய்வதைச் சொல்லும்போது கையைத் தட்டிக்கொள்வார். ஒருமுறை அவர் மனைவி மைமூன் மதினி உள்ளேயிருந்து கேட்டா:

"அப்ப நான் ஓடர் குடுத்தா?"

"நீ மேஜர் இல்லயே."

"மேஜருக்குச் சோறாக்கிக் குடுத்தவருக்குச் சோறாக்கிக் குடுக்கிறவ நான். மேஜருக்கு மேல."

காக்கா யோசித்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்த் தேங்காய் உரித்துக் கொடுத்தார்.

ஆனால் குசினிக்குள் மட்டும் மதினி அவரை விடுவதில்லை. காரணம், நூறு பேருக்குக் குறைவாகச் சமைக்க அவருக்குத் தெரியாது. நாலு பேருக்கு மீன் ஆணம் வைக்கச் சொன்னால், நூறு பேருக்குரிய உப்பை மனதில் வைத்துக் குறைத்துக் குறைத்துப் போய், கடைசியில் நம்பிக்கை வராமல் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார். பிறகு தெருவே சட்டியோடு வரவேண்டும். இந்தக் குறையே எங்களுக்குப் பெரிய பறக்கத்தாக இருந்தது. நோன்பு வந்தால் பள்ளிக் கஞ்சி அவர் பொறுப்பு. பெரிய கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால், உலகத்தில் சரியான அளவுப் பாத்திரம் இது ஒன்றுதான் என்று அவர் நினைப்பது தெரியும்.

வீட்டில் அவர் நடத்திய 'ஓடர்லி ரூம்' பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. ஆமியில் பிழை செய்த சிப்பாயைப் பெரிய துரைக்கு முன்னால் நிறுத்தி விசாரிப்பார்களாம். அதற்குப் பெயர் ஓடர்லி ரூம். காக்கா ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வந்து, முன் மண்டபத்தில் மேசையைப் போட்டு இருந்துகொள்வார். பிள்ளைகளுக்கு முறைப்பாடு இருந்தால் அப்போது சொல்லலாம். பிழை செய்தவரும் அப்போதுதான் நிற்க வேண்டும். ஒரு முறை உண்டு: குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் தொப்பி இருக்கக் கூடாது. ஆமியில் அப்படித்தானாம். தொப்பி மரியாதைக்குரியது, குற்றவாளிக்கு அது கிடையாது. அவருடைய இரண்டு மகன்மாரும் ஜும்ஆவிலிருந்து வந்த கையோடு, தொழுகைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிள் டியூப் வெடித்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போட்ட தொப்பி காக்கா, அதைக் கழற்றச் சொல்வது சரியில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். முறை முறைதான் தம்பி என்றுவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அவருடைய ஒரே மகள் ஸுமையா ஆமி நேர்ஸாகப் போகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னா.

ஊர் என்ன நினைத்தது தெரியுமா? காக்கா துள்ளிக் குதித்துச் சரி என்றிருப்பார் என்று நினைத்தது. ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் என் கடைக்கு வந்தார்கள். நீங்கள் அயல் வீடு, ஒரு சொல் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆமியில் முக்காடு போட விடமாட்டார்கள். பெண் பிள்ளையின் தலை மூடியிருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். இன்றைக்கும் அதுதான் என் நம்பிக்கை. பெரிய படிப்பு இல்லாதவன், ஆனால் தெரிந்ததை விடாமல் பிடித்துக்கொள்கிறவன். எனவே அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சொல்ல வேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

போனால் மனிதர் வாடிப்போய் இருக்கிறார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்.

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமியை இவ்வளவு புகழ்ந்தீர்களே என்றேன்.

"ஆமி நல்ல இடம். நான் பொய் சொல்லல்ல. ஆனா அது என்ட தாடியக் கேட்டிச்சி, குடுத்தன். தாடி வளந்திட்டு. என்ட மகள்ட தலையக் கேக்கும். அதை எப்பிடிக் குடுக்கிறது?"

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

அப்போது மதினி வாசலில் வந்து நின்று, ஓடர்லி ரூமுக்கு ஓர் ஆள் இருக்கிறது என்றா. காக்கா பழக்க தோசத்தில் மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை ஒதுக்கி வைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார். நான் எழும்பப் போனேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். தலை குனிந்தபடியே, காலடிச் சத்தம் மேசைக்கு முன்னால் நின்றதும், வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன ஓடரைச் சொன்னார்.

"தொப்பி கழட்டு."

நிமிர்ந்து பார்த்தால் முன்னால் நிற்பது ஸுமையா. கறுப்பு முக்காடு. கை இரண்டும் பக்கத்தில் ஒட்டி, அவர் சின்ன வயதில் பழக்கிய அதே நிலை.

  காக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்தப் பிள்ளை அசையவில்லை. பயந்த குரலில்தான் கேட்டா, ஆனால் கேட்டா.

"குத்தம் செஞ்சவன்தானே வாப்பா தலையத் திறக்கிற. நான் என்ன குத்தம் செஞ்சன்?"

காக்கா மேசையில் முன்னுக்குச் சாய்ந்தார். 

"மகள், அங்க போனா இதத்தான் சொல்லுவாங்க. குத்தமில்லாமச் சொல்லுவாங்க. ஒவ்வொரு நாளும். அப்ப என்ன செய்வாய்?"

"அப்பயும் இதையே கேப்பன். இப்ப கேட்ட மாதிரி, மரியாதையா."

"இஞ்ச நீ கேக்கிறது ஒரு கோப்ரலிட்ட. அங்க மேஜர் இரிப்பா."

"நீங்க கோப்ரல் இல்ல, வாப்பா. வாப்பாட்டக் கேக்கத்தான் எனக்குப் பயம். மேஜரிட்டக் கேக்கிறதுக்கு என்ன?"

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. காக்கா தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, நேர்முகப் பரீட்சை நாளில் கடையை மூடிவிட்டுக் கூட வருவீர்களா தம்பி என்று கேட்டார். மகளுக்காக நானே போய்க் கேட்கிறேன், தனியே போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். நான் தடுக்கப் போனவன். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

பஸ்ஸில் போகும்போது காக்காவுக்கு ஒரு பெரிய கவலை பிடித்துக்கொண்டது. மகளைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். கேட்டால், சல்யூட்டைப் பற்றியாம். ஆமியில் தலையில் தொப்பி இருந்தால்தான் சல்யூட் அடிக்கலாம். தொப்பியில்லாமல் அடித்தால் பிழை. தொப்பியோடு அடிக்காமல் விட்டாலும் பிழை. இப்போது அவர் தலையில் இருப்பது தொழுகைத் தொப்பி.

"இது எந்தக் கணக்கு தம்பி? தொப்பிதானே?"

"அது அல்லாஹ்வுக்குப் போட்ட தொப்பி காக்கா. மேஜருக்கு எப்படி அடிப்பீங்க?"

"அப்ப கழட்டிப்போட்டுப் போறன்."

"பள்ளிக்கு வெளியேயும் கழற்றாத ஆள் நீங்க. மகள்ட தலையைப் பற்றிப் பேசப் போற இடத்துல உங்கட தலையத் திறந்துகொண்டா போவீங்க?"

 ஸுமையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா, தோள் குலுங்கியது. அழுகிறாவோ என்று பயந்து பார்த்தேன். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தா. கேம்ப் வாசல் வரும்வரை தொப்பியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார், போட்டார். கண்டக்டர் தலையில் காயமா என்று கேட்டே விட்டார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவ ஒரு பெண் மேஜர். என் வயது இருக்கும், கண்ணாடி போட்ட களைத்த முகம். காக்கா தொப்பியோடுதான் நுழைந்தார். அறைக்குள் கால் வைத்ததும் வலக்கை தானாகவே எழும்பியது. நெற்றி உயரத்துக்கு வந்தது. அங்கே நின்று யோசித்தது.  பிறகு மெல்ல இறங்கி அவருடைய நெஞ்சில் வந்து அமர்ந்தது. அது சல்யூட்டுமில்லை, ஸலாமுமில்லை. நெஞ்சு வலி வந்துவிட்டது என்று நினைத்து மேஜர் எழும்பி நின்று, கதிரையைக் காட்டி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னா.

எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் காக்கா கேட்டது விளங்கியது. மூன்று நாளாக மனப்பாடம் செய்த நீண்ட பேச்சையெல்லாம் விட்டுவிட்டார். நான் உங்கள் ஆட்களுக்கு நிறையச் சோறு போட்டிருக்கிறேன் மேடம், இன்றைக்குத்தான் ஒன்று கேட்கிறேன், இந்தப் பிள்ளையின் தலையை மூடியிருக்க விடுவீர்களா என்றார்.

 மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பொய் சொல்ல விருப்பமில்லை என்று தொடங்கினா. பயிற்சியிலும் அணிவகுப்பிலும் ஆமித் தொப்பிதான், அதை மாற்ற என்னால் முடியாது. தங்குமிடத்தில், தொழுகையில், லீவில் அவ எப்படி இருந்தாலும் எவரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் என்னிடம் சொல்லுங்கள். மேலே கேட்டுப் பார்க்கலாம், பதில் வரலாம், வராமலும் போகலாம். இவ்வளவுதான் அவ சொன்னா. பிறகு காக்காவை விட்டுவிட்டு ஸுமையாவைப் பார்த்து, அப்பா கேட்டுவிட்டார், நீ என்ன கேட்கிறாய் என்றா.

ஸுமையா கேட்டது இன்றைக்கும் எங்கள் ஊரில் கதை. பயிற்சி முடிந்ததும் என்னை ஆப்பரேசன் தியேட்டருக்கு அனுப்புவீர்களா மேடம் என்று கேட்டா. ஏன் அங்கே என்று மேஜர் கேட்க, அங்கே டொக்டரும் நேர்ஸும் ஆணும் பெண்ணும் எல்லாரும் தலையை மூடிக்கொண்டுதானே நிற்க வேண்டும் என்றா.

மேஜர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். காக்கா சிரிக்கவில்லை. மகளை, முதன்முறை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை தெரிவாகிவிட்டா. போகும் நாளில் காக்கா பஸ் நிலையத்தில் எல்லாருக்கும் முன்னால் மகளின் நெற்றியில் கொஞ்சினார். எங்கள் பக்கத்தில் வளர்ந்த மகளைத் தெருவில் வைத்து ஒரு வாப்பா அப்படிக் கொஞ்சுவதில்லை.

ஊர் லேசில் விடவில்லை. சிலர் ஸலாமுக்குப் பதிலை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த வருட நோன்புக்கு, பள்ளிக் கஞ்சிக்கு வேறு ஆள் போட்டிருக்கிறோம் என்று ஒரு செய்தி வந்தது. எவரும் நேரில் வந்து சொல்லவில்லை. ஆள் மூலம்தான் வந்தது.  முதல் நோன்பன்று காக்கா அஸர் தொழுதுவிட்டு வந்து, தன் வீட்டு முற்றத்தில் தன் கிடாரத்தை ஏற்றினார். மதினி தடுக்கவில்லை. எங்கள் நாலு பேருக்கு என்றுதான் தொடங்கினார். கை வழக்கமான அளவுக்குப் போய்விட்டது.

கஞ்சி இறக்கியாயிற்று. நோன்பு திறக்கும் மஹ்ரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அவர் அகப்பையோடு கிடாரத்தின் பக்கத்தில் நிற்கிறார், தெருவில் ஒரு குஞ்சு இல்லை. கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் பெரிய சட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது எனக்கு முன்னால் ஒருவர் வாளியோடு நிற்கிறார். ஹஸ்ரத். பள்ளியில் கஞ்சி இல்லையா ஹஸ்ரத் என்று காக்கா கேட்டார்.

"இரிக்கு. உப்புக் காணாது."

அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சட்டிகள் வந்தன. காக்கா ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றிக்கொண்டேயிருந்தார். வரிசை நேராக இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நோன்பு முடிந்து, பெருநாளும் போய், பிள்ளையின் பயிற்சியும் முடிந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, மைமூனையும் கூட்டிக்கொண்டு மகளிடம் போகப் போகிறேன் தம்பி, வீட்டை மகன்மார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். ஸுமையாவை மலைநாட்டுப் பக்கம் ஒரு ஆமி ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை மெஸ்ஸில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறதாம். பக்கத்தில் ஒரு வீடு எடுத்து ஹலாலாகச் சமைத்து அனுப்பப் போகிறாராம். ஒரு ஆளுக்கா சமைக்கப் போகிறீர்கள் காக்கா என்று கேட்டேன்.

"பழகணும்."

பழகவில்லை. போன மாதம் மதினி என் மனைவியோடு போனில் பேசினா. இப்போது அந்த வார்ட்டில் காலுடைந்து கிடக்கிற சிப்பாய்களெல்லாம் இவருடைய சோற்றைத்தான் சாப்பிடுகிறார்களாம். ஸுமையா தியேட்டரில்தான் நிற்கிறாவாம். முக்காட்டுக்காக மேலே போன விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லையாம். பிள்ளை மறுபடியும் மரியாதையாகக் கேட்டிருக்கிறாவாம். இது சரியா பிழையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் நம்புவதை நான் விடவில்லை. அந்தப் பிள்ளையும் தான் நம்புவதை விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அங்கே சரியான குளிராம். காக்காவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, இருமுகிறார் என்று மதினி சொன்னா.

முன்பெல்லாம் கடையில் ரேடியோவில் வானிலை சொல்லும்போது, கிழக்கு மாகாணத்தைச் சொல்லி முடிந்ததும் அணைத்துவிடுவேன். இப்போது அணைப்பதில்லை. மலைநாட்டையும் சொல்லி முடிக்கட்டும் என்று, சாரனை மடித்த கை மடித்தபடியே நின்று கேட்கிறேன்.